கதை திசை மாறும் கடைசிக் கட்டம்

பழைய தமிழ்ப் படங்களைப் பார்த்தவர்களுக்குச் 'சுபம்' என்னும் மூன்றெழுத்து நன்றாக நினைவிருக்கும். பிரிந்தவர் கூடி நிற்பர். தீயவன் திருந்தியோ விலங்கிடப்பட்டோ ஒதுங்குவான். குடும்பம் முழுவதும் பெரியவரைச் சூழ்ந்து சிரிக்கும். வெண்திரையில் அந்தச் சொல் எழும். கொட்டகையில் விளக்கு எரியும். படம் முடிந்தது என்று அறிவிப்பதோடு அச்சொல்லின் வேலை தீர்ந்துவிடவில்லை. எந்த வகைக் கதையைக் காட்டுவதாகச் சொல்லி உங்களை உள்ளே அழைத்தோமோ, அந்த வகையிலேயே கதையை நடத்தி முடித்து உங்களை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று படம் எடுத்தவர் கூறும் உறுதிமொழியும் அதனுள் அடங்கியிருந்தது.

இந்த உறுதிமொழியை மீறுகின்ற படங்கள் உண்டு. குடும்பக் கதையாக நடந்துவந்தது கடைசிச் சுருள்களில் அரசியல் கதையாகிவிடும். வீரனின் கதை திடீரெனத் தெய்வத்தின் கதையாகிவிடும். பேய்க் கதை என்று நடுங்கிக்கொண்டிருந்தவரிடம், இது மருத்துவர் ஆராய வேண்டிய நோய் என்று படம் கூறும். கொட்டகையிலிருந்து வெளியே வரும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழக்காடும். 'முடிவில் கெடுத்துவிட்டான்' என்பார் ஒரு சாரார்; 'அந்த முடிவுக்காகவே பார்க்க வேண்டும்' என்பார் மறு சாரார். இத்தகைய முடிவுகளை இக்காலத்து இளைஞர் கண்டுபிடித்த புதுமை என்று கருதுவோர் பலர் இருக்கின்றனர். நம் நாட்டுக் கதைகளின் வரலாற்றைப் பார்த்தால் அவ்வாறு தோன்றவில்லை. எந்த இடத்தில் மக்கள் இதனை ஏற்றனர், எந்த இடத்தில் மறுத்தனர் என்பதே நாம் இங்கே ஆராயப்புகும் பொருள்.

இதனை ஆராய நாம் திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டைக்குச் செல்வோம். மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் சிலருக்கு இவ்விடம் பழக்கமானதாக இருக்கலாம். பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையின் கிழக்கு வாயிலே ஊரின் இப்பகுதிக்குப் பெயர் தந்தது. வாயிலுக்கு உள்ளே தமிழ்நாட்டுக் கோபுரங்களின் சாயலில் ஏழு நிலைக் கோபுரம் எழுந்து நிற்கிறது. வாயிலுக்கு வெளியே பழவங்காடிப் பிள்ளையார் கோயில். சிறிது தள்ளிச் சாலைக் கடைத்தெரு. மளிகை, பாத்திரம், பூ, துணி என்று அத்தெருவில் வாணிகம் செய்த தமிழர் பல தலைமுறையினர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்கள் சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. அதுவரை நாஞ்சில் நாட்டுத் தமிழருக்குத் தலைநகரே திருவனந்தபுரந்தான். வழக்குக்கும் படிப்புக்கும் பண்டம் கொள்வதற்கும் அவர்கள் இங்கே வந்தார்கள். வந்தவர்கள் படமும் பார்த்தார்கள்.

கிழக்கேகோட்டையில் பல்லாண்டுகள் படம் காட்டிவந்த ஸ்ரீ பத்மநாபா கொட்டகையை நடத்திய பி. சுப்பிரமணியம் நாகர்கோவிலிற் பிறந்தவர். பின்னாளில் இந்நகரின் மேயராகவும் விளங்கினார். 1951ஆம் ஆண்டில் நேமத்தில் மெரிலாண்டு ஸ்டூடியோவை நிறுவி, மலையாளத் திரையுலகின் தொடக்கத் தூண்களுள் ஒருவரானார். தமிழும் மலையாளமும் ஒரே கொட்டகையில் மாறி மாறி ஒலித்த ஊர் இது. ஒரே முடிவைக் கண்டு ஒரு மொழியார் கைதட்ட மற்றொரு மொழியார் முகம் சுளிக்கவும் இங்கே வாய்ப்பிருந்தது. ஆயினும் திரைப்படம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, கதையின் முடிவில் என்ன நிகழலாம் என்பதைப் பற்றி இப்பகுதி மக்கள் நன்றாகப் பயிற்சி பெற்றிருந்தனர்.

பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கு வாயிலையடுத்து நாடகசாலை என்று ஒரு மண்டபம் உண்டு. ஐப்பசியிலும் பங்குனியிலும் நிகழும் பத்து நாள் திருவிழாக்களின்போது இரவு முழுவதும் அங்கே கதகளி நடைபெறும் வழக்கம் இருந்தது. கதகளியில் வதக் கதைகள் மிகுதி. 'துரியோதன வதம்' என்னும் ஆட்டக்கதையை எடுத்துக்கொள்வோம். கடைசியில் வீமன் உக்கிர வடிவம் கொண்டு வந்து துச்சாதனனின் வயிற்றைக் கிழித்துக் குடலை எடுக்கிறான். குருதி தோய்ந்த கையால் திரௌபதியின் கூந்தலை முடிக்கிறான். விடியும் நேரத்தில், எண்ணெய் விளக்கின் ஒளியில், சிவப்பு மையும் துணியும் கொண்டு இதை அவர்கள் நடிக்கும்போது குழந்தைகள் அலறுவது உண்டு. அவ்வளவு கொடுமையும் உச்சத்தில் நிற்கும்போதே கண்ணன் தோன்றுகிறான். வீமனின் வெறி அடங்குகிறது. வெஞ்சினக் கதை ஒரே கணத்தில் பக்திக் கதையாகிவிடுகிறது. அதன் பின்னர், எக்கதையாயினும், 'தனாசி' என்னும் மங்கல ஆட்டம் ஆடி இறைவனை வணங்கி முடிக்கின்றனர். இம்முடிவைக் கண்டு 'இது பொருந்தவில்லை' என்று எந்த ரசிகரும் எழுந்து போனதாக நாம் கேட்டதில்லை. மாலையில் விளக்கு ஏற்றியபோதே, இரவு எங்கே போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இவ்வாறு தெரிந்திராத முடிவு ஒன்று வந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கும் இந்நகரமே சான்று தருகிறது. திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த வடமொழிப் புலவரான த. கணபதி சாஸ்திரியார் திருவிதாங்கூர் அரசின் சுவடிப் பதிப்புத் துறையில் தலைமை வகித்தார். பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் கிடைத்த ஏட்டுச் சுவடியைக் கொண்டு, பாசருடையவை எனத் தாம் துணிந்த நாடகங்களை 1912ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரத்தில் அச்சிட்டு வெளியிடலானார். அவற்றுள் ஒன்று 'ஊருபங்கம்'. தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனே அந்நாடகத்தின் தலைவன். சிறு மகன் ஓடி வந்து மடியில் உட்கார முயல்கிறான். உட்காரத் தொடை இல்லை. அந்தத் தந்தை மேடையிலேயே உயிர் விடுகிறான். வடமொழி நாடக மரபில் மேடையில் தலைவன் சாவது விலக்கப்பட்டது. வீரச் சுவையாகத் தொடங்கிய நாடகம் அழுகையில் முடிகிறது. இந்த முடிவு புலவர்களைப் பிரித்துவிட்டது. இது பாசரின் துணிவு என்றனர் சிலர். பெரிய நாடகம் ஒன்றின் உடைந்த துண்டு என்றனர் வேறு சிலர். கேரளத்துச் சாக்கையர் மேடைக்கு ஏற்ப வெட்டியமைத்த வடிவம் என்றனர் இன்னும் சிலர். அவ்வழக்கு இன்னும் முற்றுப்பெறவில்லை.

இப்போது நாம் கிழக்கேகோட்டையிலிருந்து தெற்கே இரண்டு கிலோமீட்டர் தொலைவு நடப்போம். ஆற்றுகால் பகவதி கோயில் வருகிறது. மதுரையை எரித்த கண்ணகி, கொடுங்கல்லூருக்குச் செல்லும் வழியில் இங்கே தங்கினாள் என்பது ஊரார் நம்பிக்கை. மாசி மாதத்தில் பத்து நாள் திருவிழா. ஒன்பதாம் நாள் பொங்கல். பெண்கள் செங்கல் கூட்டி அடுப்பு வைத்துப் புது மண்பானையில் பொங்கலிடுகின்றனர். அவ்வடுப்புகள் கோயில் வளாகத்தில் தொடங்கித் தெருத் தெருவாக நீண்டு கிழக்கேகோட்டையையும் கடந்து செல்கின்றன. 2009ஆம் ஆண்டில் 25 இலட்சம் பெண்கள் கூடினர் என்று கின்னஸ் பதிவேடு குறித்திருக்கிறது. நம் பொருளுக்கு அந்தக் கூட்டத்தைக் காட்டிலும் முக்கியமானது, அடுப்பில் தீ மூட்டும் நேரம்.

திருவிழாவின் முதல் நாள் தொடங்கிக் கோயிலின் முன்னே பச்சை ஓலைப் பந்தலில் 'தோற்றம் பாட்டு' பாடப்படுகிறது. அது கண்ணகியின் கதை. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கதை நகரும். கோவலன் கொலையுண்ட பகுதி பாடப்பட்ட பின்னர், மறுநாட் காலையில் நடை வழக்கத்தை விடத் தாமதமாகத் திறக்கப்படும். வீட்டில் சாவு விழுந்தால் எவ்வாறோ அவ்வாறு. அடுத்த நாளைய பாட்டில் கண்ணகி கயிலைக்குச் சென்று வரம் பெற்றுக் கணவனை உயிர்ப்பிக்கிறாள். ஒன்பதாம் நாள் பாண்டியன் கொல்லப்படுகிறான். அந்த அடிகள் பாடி முடிந்ததும் கருவறையிலிருந்து நெருப்பு எடுத்துவரப்பட்டுப் பெரிய அடுப்பில் இடப்படுகிறது. அங்கிருந்து ஓர் அடுப்பிலிருந்து மற்றோர் அடுப்பாகத் தெருக்கள் எங்கும் பரவுகிறது. கதையின் உச்சக்கட்டம் எதுவோ அதுவே பூசையின் தொடக்கமாகிவிடுகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர் அனைவரும் அக்கணமே கதைக்குள் நுழைந்து ஆளுக்கொரு தீயை ஏந்தியவராகின்றனர்.

இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தைக் கற்றவருக்கு இது வியப்பளிக்கும். அங்கே கோவலன் உயிர்த்தெழுந்து இல்லறம் நடத்துவதில்லை. மதுரை எரிந்தபின் கண்ணகி மேற்றிசை நோக்கி நடந்து, சேர நாட்டு மலையில் வேங்கை மரத்து நிழலில் நிற்கிறாள். பதினான்கு நாள் கழித்து வானவூர்தி வருகிறது. குறவர் காண அவள் கணவனோடு விண்ணேகுகிறாள். பின்னர் வஞ்சிக் காண்டம். செங்குட்டுவன் வடக்கே படையெடுத்து, இமயத்துக் கல்லைக் கனக விசயர் தலையில் ஏற்றிக் கொணர்ந்து, பத்தினிக்குக் கோயில் எடுக்கிறான். ஒரு வணிகக் குடும்பத்தின் துயரமாகப் புகாரில் தொடங்கிய கதை, இறுதியில் அரசனின் படையெடுப்புக் காவியமாகவும் தெய்வம் நிறுவிய வரலாறாகவும் மாறிவிடுகிறது. உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் இந்நூலை அச்சேற்றிய நாள் முதல், இந்த மூன்றாம் காண்டத்தைப் பற்றிக் கருத்து வேற்றுமை இருந்துவருகிறது. மதுரைக் காண்டத்தோடு காவியம் முடிந்திருக்க வேண்டும், எஞ்சியது பிற்சேர்க்கை என்று வாதிட்ட அறிஞர் உண்டு. மூன்று வேந்தர் நாட்டையும் மூன்று காண்டங்களில் இணைப்பதே ஆசிரியர் கருத்து என்று மறுத்தவரும் உண்டு. நம் சிந்தையில், வஞ்சிக் காண்டம் இல்லையேல் கண்ணகி வெறுமனே தோற்றுப்போன ஒரு பெண்ணாக நின்றிருப்பாள். நகரத்தை எரித்தவளுக்கு அந்நகரத்தார் கோயில் எடுக்கவில்லை, அயல் நாட்டார் எடுத்தனர்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கருத வேண்டும். கதை பாண்டி நாட்டை விட்டுச் சேர நாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது அதன் முடிவும் மாறியது. ஏடு சொன்ன முடிவை மலைநாட்டுப் பெண்கள் முழுவதும் ஏற்கவில்லை. கோவலனை உயிர்ப்பித்த பின்னரே அவர்கள் மனம் ஆறிற்று. பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நாம், பாட்டியிடம் கேட்ட கதையைப் பிள்ளைக்குச் சொல்லும்போது எத்தனை முடிவுகளைச் சிறிது சிறிதாக மாற்றியிருக்கிறோம் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

இனித் திரைக்கு வருவோம். எம்.ஜி. இராமச்சந்திரனின் படங்களில் கதாநாயகன் சாகலாகாது என்பது எழுதப்படாத சட்டம் என்று சொல்வது உண்டு. ஆனால் 1956ஆம் ஆண்டு வெளிவந்த 'மதுரை வீரன்' படத்தில் அவன் சாகிறான். அதுவும் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான். தாழ்ந்த குலத்தவனாக வளர்ந்தவன் ஓர் இளவரசியை மணந்ததும், திருமலை நாயக்கர் அவைக்கு உரிய ஆடல்மகளை விரும்பியதும் அவனுக்குக் குற்றமாயின. பொம்மியாகப் பானுமதியும், வெள்ளையம்மாளாகப் பத்மினியும் நடித்தனர். அந்தப் பத்மினி இந்தத் திருவனந்தபுரத்துப் பூசப்புரையில் பிறந்தவர். திருவிதாங்கூர் சகோதரிகள் என்று புகழ்பெற்ற மூவருள் நடுவர். படம் முழுவதும் வாட்போரும் காதலும் நகைச்சுவையும் நிரம்பிய வீரக் கதை. முடிவில் தண்டனைக் காட்சி. அதனையடுத்து மூவரும் தெய்வமாகும் காட்சி. மக்கள் இப்படத்தைக் கொண்டாடினர். பல ஊர்களில் அது நூறு நாள் ஓடிற்று.

ஆறு ஆண்டுகள் சென்றன. 1962ஆம் ஆண்டில் டி.ஆர். ராமண்ணா இயக்கத்தில் 'பாசம்' வந்தது. அதிலும் எம்.ஜி.ஆர். நடித்த நாயகன் இறுதியில் இறக்கிறான். ரசிகர்கள் மனம் கொதித்தனர். படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. நடிகர் ஒருவரே, சாவும் சாவே. ஒன்றை வணங்கி வரவேற்ற மக்கள் மற்றொன்றை ஏன் தள்ளினர்?

அவர்கள் சாவை வெறுத்தனர் என்று சொல்லிவிட்டால் மதுரை வீரனின் வெற்றிக்குக் காரணம் கூற இயலாது. பாகவதர் நடித்து எல்லிஸ் டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யும் 1937ஆம் ஆண்டில் நாயகனின் கொலையோடு முடிந்து நெடுநாள் ஓடியது. உண்மை வேறு என்று நாம் கருதுகிறோம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாயிலருகே மதுரை வீரனுக்குச் சன்னிதி உண்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர் எல்லைகளில் அவன் வாளுடன் நிற்கிறான். கொட்டகைக்குள் நுழையும் முன்பே பார்ப்பவர் அவனைத் தெய்வமாக அறிவர். ஆகவே கடைசியில் வீரக் கதை தெய்வக் கதையாக மாறியது அவர்களுக்குத் திருப்பமாகத் தோன்றவில்லை. வர வேண்டியது வந்ததாகவே தோன்றிற்று. கீழ்க்குலத்தான் என்று தண்டிக்கப்பட்டவன் தெய்வமாக நின்றான் என்பதில் பலருக்குச் சொந்த நியாயமும் கிடைத்தது. 'பாசம்' படத்து நாயகனுக்கு அத்தகைய சன்னிதி எங்கும் இல்லை. அவன் சாவு வெறும் சாவாகவே நின்றது. இனிய முடிவை எதிர்பார்த்துச் சீட்டு வாங்கியவர், துயரக் கதை ஒன்று தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதாக உணர்ந்தனர்.

மக்கள் முன்பே அறிந்திராத ஒரு முடிவையும் மக்கள் தம் முடிவாக ஏற்றதுண்டா என்று கேட்கலாம். உண்டு. அதற்கு 1939ஆம் ஆண்டில் வெளிவந்த 'தியாகபூமி'யைக் காட்ட வேண்டும். கல்கி எழுதிய கதை, கே. சுப்பிரமணியம் இயக்கியது. படத்தின் காட்சிகளையே புகைப்படங்களாகச் சேர்த்து ஆனந்த விகடனில் கதை தொடர்ந்து வந்தது. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனும், அவர் மகள் சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமியும், அவளுடைய குழந்தையாகப் பேபி சரோஜாவும் நடித்தனர். சாவித்திரியைக் கணவன் கைவிடுகிறான். அவள் குழந்தையைப் பெற்றுத் தந்தையின் பக்கத்தில் விட்டுச் செல்கிறாள். பின்னர்ப் பெருஞ்செல்வம் அடைந்து வேறு பெயரில் திரும்புகிறாள். இதுவரையிலும் கண்ணீரும் பிரிவும் கொண்ட குடும்பக் கதையே. இத்தகைய கதை எப்படி முடியும் என்பது அக்காலத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும்: கணவன் மனம் திருந்துவான், மனைவி காலில் விழுவாள், குழந்தை இருவர் கையையும் பிடித்துக்கொள்ளும்.

தியாகபூமியில் கணவன் நீதிமன்றத்துக்குப் போகிறான். மனைவி தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று வழக்கிடுகிறான். சாவித்திரி மறுக்கிறாள். அவனோடு வாழ முடியாது, வேண்டுமானால் தான் அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகக் கூறுகிறாள். 1939ஆம் ஆண்டில், கொட்டகை நிறைய இருந்த கூட்டத்தின் முன்னே, ஒரு தமிழ்ப் பெண் இவ்வாறு கூறினாள் என்பதை இன்று எண்ணிப் பார்ப்பதே அரிது. அவ்விடத்திலும் படம் நிற்கவில்லை. குடும்ப வழக்கை அப்படியே விட்டுவிட்டு விடுதலை இயக்கத்துக்குள் நுழைந்துவிடுகிறது. கதர் உடுத்திய ஊர்வலம், டி.கே. பட்டம்மாளின் குரலில் தேசியப் பாட்டு, காந்தியடிகள் தோன்றும் மெய்யான செய்திப்படக் காட்சிகள் என்று எல்லாம் சேர்கின்றன. சாவித்திரி சிறை செல்கிறாள். கணவனும் இறுதியில் அவ்வழிக்கே வருகிறான்.

இம்முடிவைப் பற்றி அன்று பெரும் வாதம் எழுந்தது. மனைவி கணவனை மறுப்பது குலமகளுக்கு அழகன்று என்று ஆசாரப் பற்றுடையோர் கடிந்தனர். கதை தேசப் பிரசாரத்தில் கரைந்துவிட்டது என்று கலை நோக்கினர் குறை கூறினர். இரண்டாவது குறையில் உண்மை சிறிது இருக்கலாம். சாவித்திரியின் கேள்விக்கு ஊர்வலம் விடை சொல்லவில்லை, அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆயினும் மக்கள் திரண்டு வந்தனர். வீட்டிலும் வீதியிலும் அவர்கள் அன்று வாழ்ந்த வாழ்க்கையே இவ்வாறுதான் நடுவில் முறிந்து வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. திருமணப் பந்தலிலிருந்து சிறைக்குப் போனவர்களை அவர்கள் கண்ணால் கண்டிருந்தனர். சென்னை இராச்சியத்தில் காங்கிரஸ் அமைச்சரவை 1939ஆம் ஆண்டு இறுதியில் விலகிய பின்னர், ஆங்கில அரசு இப்படத்தைத் தடை செய்தது. திரையில் கண்ட வகை மாற்றத்தின் பொருளை அரசாங்கமும் நன்றாகவே உணர்ந்திருந்தது போலும். எஞ்சிய ஒரு பிரதி புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் காக்கப்பட்டிருக்கிறது.

பிற நாடுகளிலும் இவ்வழக்கு நடந்தே வந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் கதையில் கார்டீலியா இறப்பதைத் தாங்காத நேகம் டேட் என்பவர் 1681ஆம் ஆண்டில் அவளைப் பிழைக்க வைத்து, மணமும் செய்துவைத்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கில மேடையில் அந்த மங்கல லியரே ஆடப்பட்டது. 1838ஆம் ஆண்டில் மக்ரெடி என்ற நடிகர் மூல முடிவை மீட்டார். ஜெர்மனியில் 1924ஆம் ஆண்டில் முர்னோ எடுத்த ஊமைப் படம் ஒன்று, பெரிய விடுதியின் வாயிற்காவலராக மிடுக்கோடு நின்ற முதியவர் கழிப்பறைப் பணியாளராகத் தள்ளப்பட்ட துயரத்தைச் சொல்கிறது. இருளில் அவர் குறுகிக் கிடக்கும் இடத்தில் படம் முடிந்திருக்க வேண்டும். திடீரென்று ஓர் எழுத்துப் பலகை தோன்றுகிறது: மெய்வாழ்வில் இவருக்குச் சாவைத் தவிர வேறில்லை, ஆனால் ஆசிரியர் இரக்கப்பட்டு நம்பவியலாத ஒரு முடிவைத் தருகிறார் என்பது அதன் கருத்து. அடுத்த காட்சியில் முதியவர் ஒரு செல்வரின் சொத்தைப் பெற்று விருந்துண்டு சிரிக்கிறார். துயரக் கதை கேலிக் கூத்தாகிவிட்டது. பார்வையாளரைக் கேலி செய்கிறாரா, படமுதலாளிகளைக் கேலி செய்கிறாரா என்று இன்றும் வாதிடுகின்றனர்.

மீண்டும் நம் கிழக்கேகோட்டைப் பக்கம் திரும்புவோம். 1993ஆம் ஆண்டு திசம்பரில் பாசில் இயக்கத்தில் மலையாளத்தில் 'மணிச்சித்திரத்தாழ்' வெளியாயிற்று. பத்மநாபபுரம் அரண்மனையிலும் அதன் காட்சிகள் எடுக்கப்பட்டன. பூட்டிய அறை, பழைய மாளிகை, தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கொலையுண்ட நாகவல்லி என்னும் ஆடல்மகள் என்று எல்லாம் பேய்க் கதைக்கு உரியவையே. நகைச்சுவையும் நிறைய. இறுதியில் அது மனநோய் என்று மருத்துவர் கண்டறிகிறார். ஆனால் நோயைத் தீர்க்க அவர் மாந்திரிகரையும் துணைக்கழைத்துப் பூசைக்களம் அமைத்து, நாகவல்லியாகத் தன்னை எண்ணியிருக்கும் பெண் தன் பகைவனைக் கொன்றுவிட்டதாக நம்பும்படி ஒரு பொம்மையை வெட்டச் செய்கிறார். மருத்துவக் கதையா, மந்திரக் கதையா? இரு சாராரும் தத்தம் கட்சி வென்றதென மகிழ்ந்து வீடு சென்றதுதான் அப்படத்தின் சாமர்த்தியம். இதே கதை 2005ஆம் ஆண்டில் தமிழில் 'சந்திரமுகி'யாக வந்தது. மலையாளப் படத்தில் பழிவாங்கும் ஆவி தமிழ் பேசிற்று. தமிழ்ப் படத்தில் அவள் தெலுங்கு பேசினாள். அச்சம் தருபவள் எப்போதும் அடுத்த மொழிக்காரியாகவே இருக்கிறாள் என்பது அயல் மாநிலத்தில் வாழ்வோர் சற்றுச் சிரித்துக்கொண்டு கவனிக்கத்தக்கது.

அதே பாசில் 1998ஆம் ஆண்டில் 'ஹரிகிருஷ்ணன்ஸ்' படத்துக்கு இரண்டு முடிவுகள் வைத்தார். மம்முட்டி, மோகன்லால் இருவருள் நாயகி யாரை விரும்புகிறாள் என்பது பிரதிக்குப் பிரதி மாறிற்று. இங்கே கதையின் வகை மாறவில்லை. ரசிகர் பிரிவதற்கு முன்பே அவர்களைப் பிரித்து அவரவர்க்கு ஒரு முடிவை அளித்த வணிகத் தந்திரம் இது. பக்கத்து ஊர்ப் பிரதியில் வேறு முடிவு என்று தெரிந்தபோது வழக்கு குறையவில்லை, வளர்ந்தது.

தமிழில் 2010ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' இவ்வழக்கின் கூரிய சான்று. காணாமற் போனவரைத் தேடிக் கடல் கடந்து செல்லும் வேடிக்கையும் வீரமும் கலந்த பயணமாகத் தொடங்குகிறது. பாதியில், மறைந்து வாழும் சோழர் கூட்டம் ஒன்றை அடைகிறது. முடிவில் அக்கூட்டம் ஆயுதம் தாங்கிய படையால் அழிக்கப்படுகிறது. பெண்களும் குழந்தைகளும் படும் துன்பம் விரிவாகக் காட்டப்படுகிறது. பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு பொழுதுபோக்க வந்தவர் பலர் வெகுண்டனர். 2009ஆம் ஆண்டில் ஈழத்தில் நடந்ததை மனத்தில் சுமந்து வந்தவர் அம்முடிவில் வேறொன்றைக் கண்டனர். அவர்களால் எழுந்து வர இயலவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டாம் சாராரின் எண்ணிக்கை பெருகியது. படத்தில் ஓர் அடி கூட மாறவில்லை.

2022ஆம் ஆண்டு திசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' காட்டப்பட்டது. வேளாங்கண்ணிக்குச் சென்று திரும்பும் மலையாளிக் கூட்டத்தில் ஒருவர், வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கித் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குள் நடக்கிறார். அவ்வூரில் காணாமற் போன சுந்தரம் என்பவரின் வீட்டுக்குள் புகுந்து, சுந்தரத்தின் தமிழைப் பேசி, அவர் வேட்டியைக் கட்டி, அவர் மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார். ஆவி புகுந்த கதை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில், ஒரு நண்பகல் உறக்கத்திலிருந்து எழுந்தவர் பழையபடி மலையாளியாகி வண்டி ஏறிவிடுகிறார். ஆவியா, கனவா, மயக்கமா என்று படம் சொல்வதில்லை. 'இவ்வளவுதானா?' என்று கேட்டவரும் அன்று இருந்திருப்பர். ஆயினும் பார்வையாளர் வாக்கெடுப்பில் அவ்விழாவின் மக்கள் விருது அப்படத்துக்கே கிடைத்தது. பாதிக்கு மேல் தமிழ் பேசும் ஒரு மலையாளப் படத்துக்கு அவ்வாக்குகளை அளித்தவர்களுள், சாலைக் கடைத்தெருவில் பகலெல்லாம் மலையாளத்தில் விலை பேசிவிட்டு இரவில் வீட்டுக்குள் தமிழுக்குத் திரும்புகிறவர்களும் இருந்திருக்கலாம். அவர்களுக்கு அந்த முடிவை யாரும் விளக்க வேண்டியதில்லை.